ஒரே அமெரிக்கா, ஊருக்கொரு குற்றச்சாட்டு



"எல்லாம் அமெரிக்கக் கலாச்சாரத்தால் வந்த வினை!" இந்தச் சொற்களை நம் வீட்டுத் திண்ணைகளிலும் திருமணப் பந்தல்களிலும் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! மகன் முழங்கால் கிழிந்த கால்சட்டையுடன் தெருவில் இறங்கினாலும், பேரன் இடியாப்பத்தை ஒதுக்கிவிட்டு பர்கர் கேட்டு அடம்பிடித்தாலும், புதுமணத் தம்பதியர் தனிக்குடித்தனம் போனாலும், குற்றவாளிக் கூண்டில் நாம் ஏற்றுவது அமெரிக்காவைத்தான்.

அக்குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அமெரிக்காவைக் குறை கூறுவோர் நாம் மட்டுமல்லர். உலகின் நான்கு திசைகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொல்லவில்லை என்பதுதான் வியப்பு. வாருங்கள்! சில ஊர்களின் வாசலில் நின்று, அவரவர் மனக்குறை என்னவென்று கேட்டு வருவோம்.

பாலாடைக்கட்டிக்காக ஒரு போர்

முதலில் தென் பிரான்சில் உள்ள மியோ என்ற சிற்றூருக்குச் செல்வோம். அதைச் சுற்றியுள்ள மேட்டுநிலங்களில் செம்மறியாடுகள் மேய்கின்றன. அவற்றின் பாலிலிருந்து செய்யப்பட்டு, மலைக் குகைகளில் பக்குவப்படும் ரோக்ஃபோர் என்னும் பாலாடைக்கட்டியே அப்பகுதியின் பெருமை. பல குடும்பங்களின் பிழைப்பும் அதுவே.

ஹார்மோன் செலுத்தி வளர்த்த மாடுகளின் இறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்ததற்குப் பதிலடியாக, 1999-ல் அமெரிக்கா ஐரோப்பியப் பொருள்கள் சிலவற்றின் மீது 100 சதவீத வரி விதித்தது. அவற்றுள் ரோக்ஃபோரும் ஒன்று. கொதித்தெழுந்த விவசாயிகள், ஜோசே போவே என்பவரின் தலைமையில், அவ்வாண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் மியோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தைப் பிரித்துப் போட்டார்கள்.

பிரெஞ்சு மக்களின் மனக்குறை நாவைப் பற்றியது: நாவின் சுவையையும் நாவில் புரளும் மொழியையும் பற்றியது. விளம்பரங்களிலும் பணி ஒப்பந்தங்களிலும் பிரெஞ்சு மொழி இடம்பெற்றாக வேண்டும் என்று 1994-ல் அவர்கள் சட்டமே இயற்றினார்கள். எனினும், இன்று அதே பிரான்சில் 1,500-க்கும் மேற்பட்ட மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் நடக்கின்றன. அங்கே வரிசையில் நிற்போர் அமெரிக்கர்கள் அல்லர்; பிரெஞ்சுக்காரர்களே!

யானையின் அருகே படுக்கை

அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் கனடா. ஆங்கிலம் பேசும் கனடியருக்கும் அமெரிக்கருக்கும் இடையே மொழியென்னும் வேலி இல்லை. உடையும் உணவும்கூடப் பெரிதும் ஒன்றே. பிறகு என்ன மனக்குறை? 'நாங்கள் தனி ஒரு மக்கள் என்பதே உலகின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமோ' என்ற அச்சம்தான். அமெரிக்காவின் அருகில் வாழ்வது யானையின் பக்கத்தில் படுத்துறங்குவது போன்றது என்று பிரதமர் பியர் ட்ரூடோ 1969-ல் வாஷிங்டனுக்கே சென்று சொன்னார். யானை எவ்வளவு சாதுவானாலும், அது சற்றுப் புரண்டால் பக்கத்தில் இருப்பவன் உணராமல் இருக்க முடியுமா? 1971-ல் வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் 30 சதவீதமாவது கனடியருடையதாக இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பின்னர் அது 35 ஆக உயர்ந்தது.

இன்னும் தெற்கே இறங்கித் தென் அமெரிக்காவுக்கு வாருங்கள். அங்கே குரல் மாறுகிறது. 1898-ல் ஸ்பெயினை வென்று அமெரிக்கா கரீபியக் கடலில் காலூன்றிய இரண்டே ஆண்டுகளில், உருகுவே நாட்டு எழுத்தாளர் ஹோசே என்ரிகே ரோடோ 'ஏரியல்' என்ற நூலை வெளியிட்டார். வட அமெரிக்கரின் இலாப நோக்கைப் பின்பற்றி ஆன்மாவை இழந்துவிடாதீர்கள் என்று இளைஞர்களை எச்சரித்த நூல் அது. 1971-ல் சிலி நாட்டிலோ, குழந்தைகளின் டொனால்ட் வாத்துச் சித்திரக் கதைகளே குற்றக் கூண்டில் ஏறின. ஏழை நாடுகளைப் பணக்காரரின் புதையல் காடாகக் காணும் மனப்பான்மையை இக்கதைகள் பிஞ்சு நெஞ்சில் விதைக்கின்றன என்று இரண்டு எழுத்தாளர்கள் ஒரு நூலில் வாதிட்டார்கள். 1973-ல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்த நூல் தீக்கிரையானது. அவர்களின் கவலை உணவல்ல, உடையல்ல, ஆதிக்கம்.

எகிப்தியர் கண்ட கிரீலி

இனி நம் சமுதாயத்தவர் ஒருவரின் பார்வைக்கு வருவோம். எகிப்தியக் கல்வித் துறை 1948-ல் அமெரிக்காவுக்கு அனுப்பிய எழுத்தாளர் சையித் குத்ப், கொலராடோ மாநிலத்தின் கிரீலி நகரில் சில மாதங்கள் தங்கிப் படித்தார். நாடு திரும்பியபின் 1951-ல் தாம் கண்ட அமெரிக்காவைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். தொழில் திறத்திலும் அறிவியலிலும் அம்மக்கள் பெற்ற உயர்வை ஒப்புக்கொண்ட அவர், உள்ளத்தின் வறுமையையும் ஆண் பெண் கலப்பையும் கண்டு மனம் கசந்தார். தேவாலயத்தின் அரங்கிலேயே விளக்கொளியைக் குறைத்து ஆணும் பெண்ணும் ஆடியதை அவரால் மறக்க முடியவில்லை. பிரெஞ்சுக்காரர் சுவைக்கு அஞ்சினார். எகிப்தியரோ நாணத்துக்கு அஞ்சினார்.

ஆனால் இன்னொரு செய்தியையும் கேளுங்கள். அதே கிரீலி, 1870-ல் மது அருந்தாதோர் சேர்ந்து உருவாக்கிய குடியேற்றம். 1960-களின் இறுதிவரை அங்கே மது விற்பனைக்குத் தடை இருந்தது! அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரிலோ, சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள் 1934-லேயே பள்ளிவாசல் கட்டித் தொழுது வந்தார்கள். ஒரே நாட்டில் எத்தனை நாடுகள்!

அந்நாட்டின் உள்ளிருந்தே எழுந்த கண்டனம் இன்னும் வேறானது. மால்கம் எக்ஸ் அமெரிக்காவைச் சாடியது பர்கருக்காகவோ நடனத்துக்காகவோ அல்ல. தோலின் நிறம் பார்த்து மனிதனை இழிவு செய்த கொடுமைக்காக. 1964-ல் ஹஜ்ஜுக்குச் சென்ற அவர், எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்பதைக் கண்டு நெகிழ்ந்தார். வெள்ளையர் அனைவரையும் ஒன்றாகக் கருதிய தமது பழைய எண்ணத்தைத் திருத்திக்கொள்ளும் துணிவும் அவருக்கு இருந்தது.

நம் எல்லையோரத்தில்

பொள்ளாச்சியைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் நுழைந்தால் பாலக்காடு மாவட்டத்தின் பிளாச்சிமடா. 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் வற்றியும் கெட்டும் போனதாகக் கூறி, 2002-ல் மயிலம்மா உள்ளிட்ட ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் அமர்ந்தார்கள். நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. எனினும் 2004-ல் ஆலை நின்றது. அந்தப் பெண்களிடம் கலாச்சாரம் பற்றிக் கேட்டிருந்தால் அவர்கள் காலிக் குடத்தைத்தான் காட்டியிருப்பார்கள்.

வாசகர்களே! இப்போது கூட்டிப் பாருங்கள். பிரெஞ்சுக்காரருக்கு நாவு, கனடியருக்கு முகம், தென் அமெரிக்கருக்குத் தன்னுரிமை, எகிப்தியருக்கு நாணம், பிளாச்சிமடாப் பெண்களுக்குத் தண்ணீர். எவர் எதை உயிராக மதிக்கிறாரோ, அது பறிபோவதாகவே அவர் முறையிடுகிறார். குற்றச்சாட்டு அமெரிக்காவைப் பற்றிச் சொல்வது பாதி. குற்றம் சாட்டுபவரைப் பற்றிச் சொல்வது மீதி.

அப்படியானால் நமது முறையீடு எது? 'அங்கே குடும்பம் சிதைகிறது. பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுகிறார்கள்' என்கிறோம். குடும்பமே நம் செல்வம் என்பதற்கு இது சான்று, மகிழ்ச்சியே. ஆனால் ஒரு சமுதாயத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்துவிட வேண்டாம் என்பது திருமறையின் ஐந்தாவது அத்தியாயம் நமக்குத் தரும் கட்டளையல்லவா? பிறரை அளக்கும் அதே படியால் நம்மையும் அளக்க வேண்டாமா?

மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய மாப்பிள்ளை கைக்கூலி கேட்கிறாரே, அதை எந்த அமெரிக்கத் திரைப்படம் கற்றுக்கொடுத்தது? அதற்காக அடகுக்குப் போன வீட்டுப் பத்திரத்தில் எந்த அமெரிக்கன் கையொப்பமிட்டான்? வயது ஏறியும் வாசல் பார்த்திருக்கும் குமருகளின் கண்ணீருக்கு எந்த நாட்டைக் கூண்டில் ஏற்றப் போகிறோம்?

அமெரிக்காவில் விமர்சிக்க வேண்டியவை உண்டு, தயங்காமல் விமர்சிப்போம். ஆனால் அடுத்த முறை திண்ணையில் அமர்ந்து அப்பேச்சை எடுக்கும் முன், நம் வீட்டு வாசற்படியை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அங்கே உடைந்து கிடப்பதை எடுத்து நிமிர்த்துவது நம் கையில்தான் இருக்கிறது. எல்லாம் வல்ல இறைவன் அதற்கு நமக்கு அருள் புரிவானாக!