ஜன்னலுக்கு வெளியே ஒரு மலை

அப்பா தவறி, காரியமெல்லாம் முடிந்து ஊரிலிருந்து மும்பைக்குத் திரும்பிய அன்று, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து டிராம்பே மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம். மே முழுக்கக் காய்ந்து பழுப்பாய்க் கிடந்த மலை, நாலு மழைக்குள் பச்சையாகியிருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

எங்கள் அணுசக்தி நகர்க்காரர்களுக்கு இந்த மலை வீட்டு மனுஷர் மாதிரி. அந்தப் பக்கம் தாணே கடற்கழி, அலையாத்திக் காடு. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்துவிடும். சேற்றுப் பாசியைத் தின்றுதான் அவற்றுக்கு அந்த இளஞ்சிவப்பு. கழியின் மேல்பகுதி 2015-இல் சரணாலயமானது, 2022-இல் ராம்சார் தளமும் ஆனது. குறிஞ்சியும் நெய்தலும் இவ்வளவு நெருக்கமாக, அதுவும் மும்பைக்குள்!

இன்று காலையும் மலை உச்சியில் மேகம் இறங்கியிருக்கிறது. டீ ஆறிக்கொண்டிருக்கிறது.