எங்கே வெட்டி எங்கே ஒட்டுகிறது?

பயோடெக்னாலஜி படிக்கிறேன் என்று சொன்னால் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்படின்னா ஆட்டை மாட்டை எல்லாம் குளோனிங் பண்ணுவியாப்பா?" இரண்டாவது, "படிச்சா வேலை கிடைக்குமா?" இரண்டுக்கும் என்னிடம் பதில் கிடையாது :-) அதனால் யாருமே என்னிடம் கேட்காத, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயத்தைப் பற்றி இன்றைக்கு எழுதுகிறேன்.

நமக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. இது வரைக்கும் பள்ளிக்கூடப் பாடம். சரி, அம்மா தந்த அந்த ஒன்று தாத்தாவுடையதா, பாட்டியுடையதா? பெரும்பாலும் இரண்டும் கலந்ததுதான். கருமுட்டை உருவாகும்போது தாத்தா வழி வந்ததும் பாட்டி வழி வந்ததும் அருகருகே வந்து, சில இடங்களில் அறுந்து, மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. விந்தணு உருவாகும்போதும் இதேதான். இதற்குப் பெயர் மறுசேர்க்கை.

எங்கே அறுகிறது என்பதுதான் கேள்வி. இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் அறுவதில்லை. பழைய நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் எப்போதும் தையல் விட்ட அதே பக்கத்தில்தான் பிரியும், கவனித்திருக்கிறீர்களா? அது மாதிரி, ஒன்றிரண்டாயிரம் எழுத்து நீளமுள்ள சின்னச் சின்ன இடங்களில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. இவற்றை ஹாட்ஸ்பாட் என்கிறார்கள்.

300 கோடி எழுத்துகளுக்குள் இந்த இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? குடும்பங்களை வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு குழந்தைக்கு அப்பா, அம்மா இருவர் பக்கமும் சேர்த்தே சில பத்து வெட்டுகள்தான் இருக்கும். ஹாட்ஸ்பாட் தெரிய வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேண்டும்.

இரண்டாவது வழி, விந்தணு. ஒரே ஆளிடமிருந்து கோடிக்கணக்கில் கிடைக்கும். டிஎன்ஏ கைரேகையைக் கண்டுபிடித்த இங்கிலாந்தின் அலெக் ஜெஃப்ரீஸ் குழு 2001-இல் இதைத்தான் செய்தது. ஒரு முனையில் அந்த மனிதரின் அப்பா வழி எழுத்தும் மறு முனையில் அம்மா வழி எழுத்தும் இருக்கும் துண்டுகளை மட்டும் பிசிஆர் மூலம் பெருக்கினார்கள். வெட்டி ஒட்டப்படாத துண்டு பெருகாது. ஆறாம் குரோமோசோமில் சுமார் 2,16,000 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியில் நடந்த மறுசேர்க்கை கிட்டத்தட்ட முழுவதும் ஆறே ஆறு இடங்களில் குவிந்திருந்தது! ஆனால் இப்படியே ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துக்கொண்டு போனால் ஆயுள் போதாது.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத சில நூறு பேரின் டிஎன்ஏவை வரிசையாக வைத்துப் பார்ப்பது. பக்கத்து எழுத்துகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகவே பயணம் செய்யும். ஓரிடத்தில் அந்தக் கூட்டு திடீரென்று உடைந்தால், முன்னோர் காலத்தில் அங்கே பல முறை வெட்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆக, நம் பாட்டன் பூட்டன்களே நமக்காகப் பரிசோதனை செய்து வைத்திருக்கிறார்கள், கணக்குப் போட வேண்டியதுதான் பாக்கி. 2005-இல் சைமன் மையர்ஸ் குழு இப்படிக் கணக்குப் போட்டு 25,000-க்கும் மேற்பட்ட ஹாட்ஸ்பாட்களைக் காட்டியது. 2010-இல் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் புரதமும் தெரிந்தது: பிஆர்டிஎம்9. இதன் வடிவம் ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் மாறும். சிம்பன்ஸியின் டிஎன்ஏ நம்முடையதை அவ்வளவு ஒத்திருந்தும் ஹாட்ஸ்பாட்கள் பொருந்தாதது இதனால்தான்.

நம்மாட்களும் இதில் உண்டு. 1000 ஜீனோம் திட்டத்தின் 26 மக்கள் குழுக்களில் ஒன்று, பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். 2019-இல் அந்த 26 குழுக்களுக்கும் தனித்தனியாக மறுசேர்க்கை வரைபடம் வெளியானது.

"சரிடா, இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் சித்தி மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. அவன் பிறந்ததிலிருந்து சித்தி கேட்காத பேச்சில்லை. கிரகணத்தன்று வெளியே போனாள், சொல்லச் சொல்லக் கேட்காமல் மாடிப்படி ஏறினாள், அதைத் தின்றாள், இதைத் தின்றாள்... சொன்னவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்தான்.

மறுசேர்க்கை வெறும் கலப்புக்காக மட்டும் இல்லை. அந்த ஒட்டுதான் ஜோடியைப் பிரியும் நேரம் வரை சேர்த்துப் பிடித்திருக்கிறது. 21-இல் ஒட்டே விழாவிட்டால், அல்லது ஓரத்தில் போய் விழுந்தால், பிரியும்போது தவறு நடக்க வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற அந்தப் பிடி தளர்வதும் ஒரு காரணம். இன்னொன்று கேளுங்கள். ஒரு பெண்ணின் கருமுட்டைகளில் இந்த வெட்டும் ஒட்டும் நடப்பது அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே! அதாவது சித்தி பிறப்பதற்கு முன்பே, பாட்டியின் வயிற்றுக்குள். கிரகணமும் மாடிப்படியும் அங்கே எங்கே வந்தது?

போன பொங்கலுக்குப் போனபோது இதைச் சித்தியிடம் பேப்பரில் படம் போட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எங்கம்மா மேல தப்பா?" என்றார். "இல்ல சித்தி, இது யார் கையிலயும் இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை அப்படியே உங்க பெரியத்தைகிட்டயும் ஒரு தடவை சொல்லுடா" என்றார்.

பெரியத்தையிடமும் சொல்லிவிட்டேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அவர் கிரகணத்தைப் பற்றிப் பேசவில்லை.