கிழக்கு லண்டனில் ஒரு கொழும்பு ஒபிஸ்

மஹய்யாவையில் ஓர் ஆம்பிளை பகல் நேரத்தில் வீட்டில் இருந்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று சுகமில்லை, மற்றது தொழிலில்லை. லண்டனுக்குப் போன மகனும் வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்பதை உம்மாவால் பக்கத்து வீட்டாருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. "அவன் ஊட்டுல இருந்துகிட்டே வேல செய்றானாம்" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் அடுத்த கேள்வியைத் தொடங்குமுன் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பாதையில் நகரம் முடிந்தும் முடியாமலும் இருக்கும் இடம் மஹய்யாவ. அந்தப் பாதைதான் ஏ9 என்ற பெயரோடு யாழ்ப்பாணம் வரை போகிறது. மாத்தளை ரயிலும் எங்களைத் தொட்டுக்கொண்டு போகும். மேட்டிலும் பள்ளத்திலும் வீடுகள். மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர்களின் லயன்கள் ஒரு பக்கம், முஸ்லிம் குடும்பங்கள் ஒரு பக்கம், எல்லோருக்கும் கடைசியில் மையவாடி. இங்கே தொழில் என்றால் காலையில் கதவைத் திறந்து வெளியே போவது. கடைக்குப் போகலாம், பாடசாலைக்குப் போகலாம், எழுபதுகளின் பிற்பாதியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் போகலாம். போகாமல் செய்யும் தொழிலுக்கு எங்கள் ஊரில் பெயரில்லை.

வாப்பா கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் முப்பது வருடங்கள் கணக்கு எழுதியவர். நானும் கணக்காளன் ஆனேன். அவர் எழுதியது தடித்த சிவப்பு மட்டைப் பேரேட்டில். நான் எழுதியது கொழும்பில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில், கணினியில். எங்கள் நிறுவனம் பிரித்தானியக் கணக்காளர்களிடமிருந்து வேலை எடுத்துச் செய்துகொடுத்தது. அங்குள்ள சின்னக் கடைகள் தங்கள் பற்றுச்சீட்டுகளைப் படம் பிடித்து அனுப்பும்; நாங்கள் அவற்றைக் கணக்கில் ஏற்றுவோம். 2019 ஏப்ரலிலிருந்து இந்த வேலை இன்னும் பெருகியது. வருடத்துக்கு 85,000 பவுணுக்கு மேல் வியாபாரம் உள்ளவர்கள் பெறுமதி சேர் வரிக் கணக்கை மென்பொருள் வழியாகவே சமர்ப்பிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பெட்டியில் சீட்டுகளைப் போட்டு வைத்திருந்த கடைக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று ஒரு கணக்கப்பிள்ளை தேவைப்பட்டார். அவர் கொழும்பில் இருந்தால் மலிவு.

அந்த வருடம் செப்டெம்பரில் என் மனைவிக்கு லண்டனில் ஆய்வுப் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. மாணவியின் கணவன் என்ற முறையில் எனக்கும் விசா வந்தது. ராஜினாமாக் கடிதம் எழுதப்போன என்னிடம் மேலாளர் சொன்னார்: "ஏன் விடுறீங்க? லெப்டொப்பைக் கொண்டுபோங்க. அங்கிருந்தே செய்ங்க."

இப்படித்தான், லண்டன் கடைகளின் கணக்கைக் கொழும்பிலிருந்து எழுதிக்கொண்டிருந்த நான், அதே லண்டன் கடைகளின் கணக்கை, கொழும்பு ஒபிஸின் பெயரில், கொழும்புச் சம்பளத்தில், லண்டனில் இருந்து எழுதத் தொடங்கினேன்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறை. கட்டில் போட்டால் மேசைக்கு இடமில்லை. ஜன்னல் விளிம்பையே மேசையாக்கினேன். கொழும்பு ஒபிஸ் காலை எட்டரைக்குத் தொடங்கும். லண்டனில் குளிர்காலத்தில் அது அதிகாலை மூன்று மணி. மார்ச் கடைசி ஞாயிறில் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளிய பிறகு நான்கு மணி. மஹய்யாவையில் சுபஹு நேரம் வருடம் முழுவதும் முக்கால் மணித்தியாலத்துக்குள்தான் முன்பின்னாக நகரும். லண்டனில் டிசம்பரில் சூரியன் எட்டு மணிக்குத்தான் உதிக்கும். பிற்பகல் நாலு மணிக்கு முன் மஃரிப் வந்துவிடும். ஜூனில் மஃரிப் ஒன்பதரையை நெருங்கும். ஒபிஸ் கடிகாரம் ஒன்று, தொழுகைக் கடிகாரம் ஒன்று, தெருக் கடிகாரம் ஒன்று என்று மூன்று நேரங்களை ஓர் அறைக்குள் வைத்துக் காலம் தள்ளினேன்.

"நேரத்தையுமா மாத்துறாங்க ஒங்கட ஊர்ல?" என்று உம்மா ஆச்சரியப்பட்டார். வாப்பா பின்னாலிருந்து சிரித்தார். நம் நாட்டிலும் 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து வருடமும் வாப்பா தன் சுவர்க் கடிகாரத்தைத் தொடவேயில்லை. "பழைய நேரம்" பார்த்துப் புதிய நேரத்துக்கு வேலைக்குப் போனார். எனக்கும் அவருடைய பழக்கம்தான் வந்திருக்கிறது என்று சொன்னார்.

நான் கணக்கு எழுதிய கடைகளில் ஒன்று, என் அறையிலிருந்து இருபது நிமிட நடையில் இருந்தது. கொழும்பில் இருக்கும்போதே அந்தக் கடை எனக்கு நல்ல பழக்கம். எந்தக் கிழமையில் வியாபாரம் ஏறும், நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழத்துக்கு எவ்வளவு போகும், வாடகை எந்தத் தேதியில் பிந்தும் என்பதெல்லாம் தெரியும். முதல் முறை உள்ளே போனபோது அந்தக் கடை நான் நினைத்ததிலும் பாதி அளவுதான் இருந்தது. கல்லாவில் இருந்தவர் களைத்த முகத்தோடு மீதிக் காசைத் தந்தார். வாடிக்கையாளரின் விபரங்களை வெளியில் பேசக்கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுங்கு. ஆகவே, "உங்கள் கடன் எனக்குத் தெரியும்" என்று சொல்லாமல் ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் அதிகாலை அந்தக் கடையின் முந்திய நாள் விற்பனைத் தொகையைப் பதியும்போது, நான் கொடுத்த நாலு பவுணும் அதற்குள் இருந்தது.

2020 மார்ச்சில் இலங்கையில் ஊரடங்கு, சில நாட்களில் லண்டனிலும் பொதுமுடக்கம். உலகம் முழுவதும் மேசையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. "இப்ப எல்லாரும் ஒன்னப்போலதான்" என்று உம்மா ஆறுதலாகச் சொன்னார். எல்லாரும் அல்ல. மஹய்யாவ லயன்களிலிருந்து மாநகர சபைத் தொழிலாளர்கள் அந்த ஊரடங்கிலும் தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட் ஹாமில் பஸ் சாரதிகளும் தாதிகளும் போனார்கள். தூரத்திலிருந்து செய்யக்கூடிய தொழில் எது, உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தியே ஆகவேண்டிய தொழில் எது என்ற கோட்டை நோய் வந்துதான் எங்களுக்குக் காட்டியது. அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதில் கூலியும் மரியாதையும் உயிரும் தங்கியிருந்தன.

அதே மாதம் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு வந்த கொரோனா சட்டமூலத்தில், இறந்தவருடைய விருப்பத்துக்கு மாறாகவும் உடலை எரிக்க இடம் வைக்கும் ஒரு பகுதி இருந்தது. முஸ்லிம்களும் யூதர்களும் ஆட்சேபித்தார்கள். பிரட்ஃபோர்ட் உறுப்பினர் நாஸ் ஷா திருத்தம் கேட்டார். சில நாட்களுக்குள் அரசாங்கம் அதை மாற்றியது. நம் நாட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் ஏற்கத்தக்கதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி எரிப்பதை மட்டுமே சட்டமாக்கியது.

வாப்பாவுக்கு இருதய நோய். அந்த வருடம் முழுவதும் அவர் ஆஸ்பத்திரியின் பக்கமே போகவில்லை. நெஞ்சு நொந்தாலும் சொல்லமாட்டார். நான் ஈஸ்ட் ஹாமிலிருந்து கெஞ்சுவேன். தங்கை மஹய்யாவையிலிருந்து அழுவாள். "மகன், ஆஸ்பத்திரில மௌத்தானா என்னய எரிச்சிடுவாங்க. ஊட்டுல மௌத்தானா பார்த்துக்கொள்ளலாம்" என்பார். மரணத்தைவிட மரணத்துக்குப் பிறகு வருவதற்குப் பயந்து மருந்தை ஒதுக்கிய எத்தனை மூத்தவர்கள் நமது வீடுகளில் இருந்தார்கள் என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

டிசம்பரில் அவர் வீட்டிலேயே மௌத்தானார். வயது 71. வீட்டில் மௌத்தானாலும் பி.சி.ஆர். பார்க்க வேண்டும் என்றார்கள். ஜனாஸாவைக் கொண்டுபோனார்கள். முடிவு வர ஒன்றரை நாள்.

அந்த ஒன்றரை நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருக்கிறேன். கட்டுநாயக்க விமான நிலையம் மார்ச்சில் மூடியது. வழமையான பயணிகளுக்கு 2021 ஜனவரி 21ஆம் திகதிதான் மறுபடி திறந்தது. நான் போக வழியில்லை. போனாலும் தனிமைப்படுத்தல். ஒபிஸில் லீவு தந்தார்கள். லீவை வைத்து என்ன செய்வது? அறையில் வேறு கதிரை இல்லை. அதே ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தொலைபேசி ஒரு பக்கம், கணினி ஒரு பக்கம். அதிகாலை மூன்று மணிக்குக் கை தானாகவே கணினியைத் திறந்தது. ஒரு கடையின் மூன்று மாதச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிந்தேன். பால், முட்டை, மின்சாரம், வாடகை. எழுத்தெண்ணிப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. வாப்பா கற்றுத்தந்த வேலை அது. அந்த நேரத்தில் அவருக்காக என்னால் செய்ய முடிந்த வேறொரு வேலையும் இருக்கவில்லை.

தொற்று இல்லை என்று இரண்டாம் நாள் அஸருக்குப் பிறகு முடிவு வந்தது. இரவில் மஹய்யாவ மையவாடியில் அடக்கினார்கள். தங்கையின் மகன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். லண்டனில் அப்போது நல்ல பகல். வெளியே பால் வண்டி நின்றது. திரையில் டோர்ச் வெளிச்சமும் சில கால்களும்தான் தெரிந்தன. சந்தூக்கைத் தூக்கியவர்களில் ஒருவர் என் பள்ளிக்கூட நண்பர், எங்களுக்கு எந்தச் சொந்தமும் இல்லாதவர். தோள் கொடுக்க ஆள் தேவைப்பட்டபோது அவர் அங்கே இருந்தார். நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு பிஞ்சைக் கொழும்பில் எரித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பரிசோதனைத் தாளின் கருணை. அடக்குவதற்கான அனுமதி 2021 பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானியில் வந்தது; மார்ச்சிலிருந்து ஓட்டமாவடியில் அடக்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. உம்மாவுக்கு அதைத் தொலைக்காட்சியில் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார்.

அப்போது நான் ஊரில்தான் இருந்தேன். 2022இல் ரூபாய் விழுந்தது. பெப்ரவரியில் ஒரு பவுண் 270 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 440ஐத் தாண்டியது. ரூபாயில் வந்த என் சம்பளம் ஈஸ்ட் ஹாம் வாடகையில் பாதிக்கும் போதாமல் போனது. பிரித்தானியாவில் இருந்து செய்யும் வேலைக்கு அங்கே வரிக்கணக்கும் காட்ட வேண்டும். மனைவியின் உதவித்தொகையில் மீதியை ஓட்டினோம். 2023இல் அவருடைய ஆய்வு முடிந்ததும் திரும்பிவிட்டோம். இப்போது லண்டன் கணக்காளர் ஒருவருக்கு நேரடியாக வேலை செய்கிறேன். சம்பளம் பவுணில் வருகிறது, நான் மஹய்யாவையில் இருக்கிறேன். அங்கே இருந்தபோது இங்குள்ள சம்பளம், இங்கே இருக்கும்போது அங்குள்ள சம்பளம். அதே கை, அதே கணக்கு. உழைப்புக்கு விலை வைப்பது உழைப்பு அல்ல, முகவரிதான் என்பதை இரண்டு பக்கமும் இருந்து பார்த்துவிட்டேன்.

இன்று எங்கள் ஊரில் இந்தத் தொழிலுக்கு இளைஞர்கள் பலர் வந்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் திகனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் கடைகள் எரிந்த பிறகு, கண்ணாடி இல்லாத, கதவுப் பலகை இல்லாத வியாபாரம்தான் பாதுகாப்பு என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த வாரம் ஊரடங்கோடு பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நிறுத்தினார்கள், கண்டியில் இணையத்தையும் முடக்கினார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. எரிக்க முடியாத கடையையும் இழுத்து மூட முடியும்.

பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல். கணக்கியல் படித்துவிட்டுக் கொழும்புக்குத் தனியாக அனுப்பமாட்டார்கள் என்பதால் சான்றிதழை அலுமாரியில் வைத்திருந்த எத்தனையோ பேர் இன்று சம்பாதிக்கிறார்கள். என் தங்கையின் மகளும் அவர்களில் ஒருத்தி. லண்டனின் காலை ஒன்பது மணி இங்கே கோடையில் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அதற்கு முன் சமையல் முடித்துவிட்டு உட்காருகிறாள். இரவு பத்தரைக்கு எழும்புகிறாள். வீட்டில் இருக்கிறாள்தானே என்று எல்லோரும் அவளைத் தேநீருக்குக் கூப்பிடுகிறார்கள். கதவை மூடிக்கொள்ள ஓர் அறை அவளுக்குத் தேவை என்பதை எங்கள் வீடுகள் இன்னும் ஏற்கவில்லை. வாப்பாவின் மாடி அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே வந்துவிட்டேன்.

போன வாரம் அவளுக்குப் புதிதாக ஒரு கடையின் கணக்கு வந்திருக்கிறது. முகவரியைக் காட்டி, "மாமா, இந்த ரோட்டு எப்படி ஈக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த தெரு. பஸ் நிற்கும் இடம், மூலையில் மீன்கடை, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் நடைபாதை, நாலு மணிக்கே எரியத் தொடங்கும் விளக்குகள் என்று சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கடைக்காரர் நல்ல மனிசரா?" என்றாள். அவரை எனக்குத் தெரியாது. களைத்துப் போயிருப்பார், கணக்கைச் சரியாகச் செய்துகொடு என்று மட்டும் சொன்னேன்.