சுவர் முழுக்கப் பழம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடை. கீழே கிரைண்டர், ஃபிரிட்ஜ்; மாடியில் டிவி. மாடிச் சுவரில் நாற்பது டிவியாவது இருக்கும். எல்லாவற்றிலும் பழம். ஒன்றில் மாதுளையைப் பிளக்கிறார்கள், முத்து தெறிக்கிறது. ஒன்றில் கிவித் துண்டு தண்ணீரில் விழுகிறது. அடுத்ததில் கிளிமூக்குச் சிவப்பில் ஏதோ சாயம் கரைந்து சுருள்கிறது. பின்னணி எப்போதும் கருப்பு. மனித முகம் மட்டும் எதிலும் இல்லை.

வீட்டில் நாம் டிவியில் பார்ப்பது பெரும்பாலும் பேசும் முகங்களைத்தான். சீரியலும் செய்தியும் பட்டிமன்றமும் முகமில்லாமல் ஏது? முகத்தின் நிறம் கொஞ்சம் மாறினாலும் கண் கண்டுபிடித்துவிடும். கிவிப் பழம் இன்னும் கொஞ்சம் பச்சையாக இருந்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? கடைக்காரர்கள் விவரமானவர்கள். போதாததற்குக் கடை டிவிகளெல்லாம் கடைக்கென்றே உள்ள அமைப்பில் ஓடுகின்றன. புது டிவியை முதன்முதலாகப் போட்டதும் கடையா, வீடா என்று அதுவே கேட்கும். கடை என்றால் வெளிச்சமும் வண்ணமும் உச்சிக்குப் போய்விடும். அத்தனை டியூப்லைட் வெளிச்சத்தில், பக்கத்தில் நாற்பது டிவி எரியும்போது, அடக்கமாக இருக்கும் படம் எடுபடாது.

நான் வாங்கிய கிரைண்டருக்கு வாரண்டி அட்டையில் முத்திரை வைக்கவேண்டிய பெண் சாப்பிடப் போயிருந்தாள். மாடியில் ஒரு நாற்காலி கிடைத்தது. தீபாவளி நெருங்கியதால் கடையில் நல்ல கூட்டம்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கிற மாதிரி ஒரு பையன். கடைசியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்த ஆச்சி, முதல் வேலையாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீலச் சட்டைப் பையன் ஒருவன் ஓடி வந்தான். அது கடைச் சட்டை அல்ல, கம்பெனிச் சட்டை. பெரிய கடைகளில் டிவி வரிசையில் நிற்கும் பையன்கள் பலருக்குக் கடைக்காரர் சம்பளம் கொடுப்பதில்லை. கம்பெனிகளே ஆள் வைத்திருக்கின்றன. அதனால் "எது நல்லது?" என்று கேட்டால் பதில் சட்டையைப் பொறுத்தது.

"என்ன சைஸ் பாக்குதீய அண்ணாச்சி?"

"அம்பத்தஞ்சு" என்றான் கல்லூரிப் பையன்.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். இரண்டு முனையிலும் முடிச்சு. வீட்டு ஷோகேஸில் டிவி வைக்கும் மாடத்தை அளந்து கொண்டுவந்திருக்கிறார். 55 இஞ்ச் டிவியின் கீழ்விளிம்பில் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். டிவி ஒரு விரற்கடை வெளியே நின்றது.

"நாலடிதான் எடம்" என்றார். "இது கொள்ளாது."

பெட்டியில் 138 செ.மீ. என்று அச்சடித்திருப்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. அகலம் வேறு. 55 இஞ்ச் டிவி ஏறக்குறைய 123 செ.மீ. அகலம் வரும், நாலடி என்பது 122-க்குக் கொஞ்சம் குறைவு. கால்களை இரண்டு ஓரத்திலும் வைத்துச் செய்கிறார்கள் என்பதால் மேஜையும் கிட்டத்தட்ட அந்த அகலத்துக்கு வேண்டும். அந்த மாடிக்கு வேறு யாரும் அளவெடுத்துக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கயிற்றின்மேல் பெரிய மரியாதை வந்தது.

பையன் அதற்குள் அடுத்த சுவருக்குப் போய்விட்டான். செல்போனில் பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம். "இது க்யூஎல்இடியா, ஓஎல்இடியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, ஒரு எழுத்துதான் வித்தியாசம்" என்றான் நீலச் சட்டை. அவன் கம்பெனி ஓஎல்இடி விற்பதில்லை போலும்.

வித்தியாசம் ஓர் எழுத்தோடு முடிவதில்லை. எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி என்று எழுதியிருப்பவை எல்லாமே அடிப்படையில் எல்சிடிதான். பின்னால் விளக்கு எரியும். முன்னால் திரவப் படிகம் அந்த வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாகத் திறந்து மூடும். எவ்வளவு மூடினாலும் கொஞ்சம் கசியும். இருட்டுக் காட்சி சாம்பல் பூத்துத் தெரிவது அதனால்தான். க்யூஎல்இடியில் நடுவே குவாண்டம் டாட் படலம் ஒன்று உண்டு. நீல வெளிச்சத்தை வாங்கிச் சுத்தமான சிவப்பும் பச்சையுமாகக் கொடுக்கும் நுண்துகள்கள் அவை. அவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்குத்தான் 2023-ல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவரும் வேதியியல் நோபல் வாங்கினார்கள். மினி எல்இடியில் பின்விளக்கைப் பொடிப்பொடியாக்கி, இருட்டு வரும் இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாக அணைக்கிறார்கள். ஓஎல்இடி தனி ரகம். பின்விளக்கே கிடையாது, புள்ளி ஒவ்வொன்றும் தானே எரிந்து தானே அணையும். 1987-ல் கோடாக் ஆய்வுக்கூடத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் செய்துகாட்டிய சங்கதி அது. கருப்பு என்றால் அங்கே உண்மையிலேயே கருப்பு. விலையும் லட்சத்தைத் தாண்டி நின்றது.

அந்தக் கருப்பின் முன்னால் அண்ணாச்சியின் மனைவி நின்றார். கண்ணாடிபோல் பளபளத்த திரையில் டியூப்லைட் வரிசை தெரிந்தது, அவரும் தெரிந்தார். காதோரம் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"கருப்பு நல்லாத்தான் இருக்கு. என்னையும் நல்லாக் காட்டுது. நம்ம வாசக்கதவு பகல்பூரா தெறந்துல்லா கெடக்கும், தெருவே இதுல தெரியும்போல."

அந்த மாடியில் நான் கேட்ட மிகச் சரியான தொழில்நுட்ப விமர்சனம் இதுதான். பகலில் வெளிச்சம் விழும் கூடத்துக்குப் பளிச்சென்று எரியும் எல்சிடி போதும். ஓஎல்இடியின் கருப்பை ரசிக்கத் திரைச்சீலை போட்ட அறை வேண்டும். விலைச் சீட்டில் வாசல் கதவுக்கு ஒரு கட்டமும் இல்லை.

பையன் விடவில்லை. "ஹெச்டிஆர் இருக்கா?" இருந்தது. டால்பி விஷன் முத்திரையும் இருந்தது. "எத்தனை நிட்ஸ்?" என்றான். நீலச் சட்டை ஒரு கணம் திகைத்து, "நல்லா பிரைட்டா இருக்கும் தம்பி" என்றான். கேள்வி நல்ல கேள்வி. வெயிலில் மின்னும் குடத்தையும் அதே காட்சியில் நிழலில் இருக்கும் முகத்தையும் சேர்த்துக் காட்டுவதுதான் ஹெச்டிஆரின் நோக்கம். அதற்குத் திரைக்கு வெளிச்ச பலம் வேண்டும். அதை அளக்கும் அலகு நிட். விலை குறைந்த பல டிவிகள் 250, 300 நிட் அளவில் நின்றுவிடும். அவை ஹெச்டிஆர் சிக்னலைப் படிக்கும், காட்ட மட்டும் முடியாது. முத்திரைக்கு அதெல்லாம் தேவையில்லை.

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்று சொல்லும் ஹெர்ட்ஸ் கதையும் இப்படித்தான். அட்டையில் 120 என்று பெரிதாக, அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சொல் பொடியாக. அந்தப் பொடி எழுத்து இருந்தால் பேனல் பெரும்பாலும் 60தான். மீதி கணக்கு வேலை. சினிமா நொடிக்கு 24 சட்டம். இடையில் இல்லாத சட்டங்களை டிவியே செய்து நுழைத்தால் எந்தப் படமும் சீரியல்போல வழவழவென்று ஓடும். இதைப் பொறுக்காமல் 2018-ல் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்வாரியும் சேர்ந்து, அந்த அமைப்பை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோ போட்டார்கள். நிஜமான 120 ஹெர்ட்ஸ், கேம் ஆடுகிற பையன்களுக்கு உதவும். அண்ணாச்சி முகத்தைப் பார்த்தால் அதற்குக் காசு கொடுக்கும் உத்தேசம் தெரியவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த ஆச்சி வாயைத் திறந்தாள்.

"எய்யா, இதுல நம்ம கேபிளப் போட்டுக் காமிக்கச் சொல்லு."

"ஆச்சி, யூட்யூப்ல சீரியல் போடுதேன், பாருங்க" என்று நீலச் சட்டை போட்டான். படம் கண்ணாடி மாதிரித் தெளிவு.

"எங்க வீட்ல இது வராதே. கேபிள்லா வரும்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மேனேஜர் மேஜைக்கு மேலே செய்தி ஓடிக்கொண்டிருந்த டிவியில் ஒரு செட்டாப் பாக்ஸ் இருந்தது. முனகிக்கொண்டே கழற்றி எடுத்துவந்து, 55 இஞ்ச் 4கே டிவியில் சொருகினான். சீரியல் வந்தது. கதாநாயகி ஏதோ ரகசியத்தை ஒட்டுக்கேட்டு அதிர்ந்து நின்றாள். அவள் மூக்கும் கன்னமும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. புருவம் பட்டையாக அப்பியிருந்தது. கீழே ஓடிய எழுத்துக்களைச் சுற்றிப் பொரிப்பொரியாக ஏதோ துடித்தது.

"கலைஞர் குடுத்த பெட்டியில இவ மூக்குத்தி தெரியுமே" என்றாள் ஆச்சி.

பையன் சிரித்தான். "ஆச்சி, அது பதினாலு இஞ்சு!"

ஆச்சி சொன்னது முழுக்க உண்மை. 2006-ல் திமுக அரசு வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்த அந்த 14 இஞ்ச் பெட்டி இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கிறது. சாதாரண கேபிள் சேனல் அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளி. பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம். அந்தப் பழைய குழாய் டிவி அதே 576 கோட்டுக்கென்று செய்தது. வந்ததை வந்தபடி சின்னத் திரையில் நெருக்கிக் காட்டியது. 4கே திரை 3840-க்கு 2160, அதாவது 83 லட்சம் புள்ளி. வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது. திரையில் இருபது புள்ளி இருந்தால் கேபிள்காரர் அனுப்புவது ஒன்று. மீதிப் பத்தொன்பதை டிவி தானே யோசித்து நிரப்பவேண்டும். ஒரு படி அரிசியில் ஊருக்கே கஞ்சி காய்ச்சுகிற வேலை அது. கைப்பக்குவம் உள்ள பிராசஸர் என்றால் ஓரளவு தேற்றும். அந்தப் பக்குவம் எவ்வளவு என்று எந்த அட்டையும் சொல்வதில்லை. பழத்தைக் காட்டினால் ஒருநாளும் தெரியாது, ஆச்சி மாதிரிக் கேபிளைச் சொருகச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அண்ணாச்சி முதல்முறையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டார். "நாங்க உக்காருத எடம் பத்தடி தள்ளி. அங்கேருந்து பாத்தா?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எட்டு எட்டாகப் பின்னால் நடந்துபோய் நின்று பார்த்தார். விவரமான மனிதர். 55 இஞ்ச் திரையில் ஏழடிக்கு அப்பால் போனால் ஃபுல் ஹெச்டிக்கும் 4கேவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நல்ல கண்ணே திணறும். 43 இஞ்ச் என்றால் ஆறடிக்குள்ளேயே திணறும். ஆனால் கேபிளின் கலங்கல் பத்தடிக்கு அப்பாலும் தெரிந்தது.

மனைவி அதற்குள் செல்போனை எடுத்துவிட்டார். "ஏய்யா, நான் மூணாந்தெரு டீச்சர் பேசுதேன். ஹெச்டி பாக்ஸ் மாத்தணும்னா என்ன ஆகும்? மாசம் எவ்வளவு கூட வரும்?" கேபிள்காரத் தம்பியோடு இரண்டு நிமிஷம் பேசினார். சரி, நாளைக்குக் கொண்டுவந்து மாட்டு என்று வைத்துவிட்டார். ஹெச்டி என்றால் இருபதில் ஒன்று நாலில் ஒன்றாகிவிடும். அன்று அந்தக் கடையில் படத்தின் தரத்துக்காக நடந்த உருப்படியான வியாபாரம் அந்த ஃபோன்தான். கடைக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 50 இஞ்சுக்கு வந்தார்கள். கயிற்றுக்குள் அடங்கி, காற்றுப்போக இரண்டு பக்கமும் இடமும் மிஞ்சியது. சத்தம் வைத்துப் பார்த்தார்கள். கடை இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை; ஒல்லி டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்திருப்பதால் வசனத்தைப் பின்னணி இசை அமுக்கிவிடும். பையன் சவுண்ட்பார் என்று ஆரம்பித்தான். அப்பா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

ரிமோட்டை ஆச்சி கையில் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்களே இல்லை. நாலைந்து ஓடிடி பெயர்கள் மட்டும் தடித்தடியாகப் பதித்திருந்தன. அவை காசு கொடுத்து இடம் பிடித்த பொத்தான்கள். "டிவியப் போட்டா நேரே சேனல் வருமா, இந்தப் படமெல்லாம் வருமா?" நீலச் சட்டை இதற்கு மட்டும் நல்ல பதில் வைத்திருந்தான். அமைப்புகளுக்குள் போய், போட்டதும் செட்டாப் பாக்ஸ் இருக்கும் ஹெச்டிஎம்ஐக்கே போகும்படி மாற்றிக் காட்டினான். எல்லாக் கம்பெனி டிவியிலும் இந்த வசதி இருக்காது என்று அவன் சொன்னபோது அவன்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் வந்தது.

ஆனால் அதே கையால், திரையில் நீளமாக வந்த ஒப்புதல்களை ஓகே, ஓகே, ஓகே என்று தள்ளிக்கொண்டும் போனான். நாம் என்ன பார்க்கிறோம் என்பதை டிவி கவனித்துக் கம்பெனிக்கு அனுப்ப அனுமதி கேட்கும் பக்கம் இந்த மாதிரி வரிசையில்தான் இருக்கும். அமெரிக்காவில் அனுமதியே கேட்காமல் இதைச் செய்த விசியோ நிறுவனம் 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தது. கேட்டுவிட்டுச் செய்தால் அபராதம் இல்லை. அவன் விரல் அந்தப் பக்கத்தில் அரை நொடிகூட நிற்கவில்லை.

பில் மேஜையில் அண்ணாச்சி கேட்டது இரண்டே கேள்வி. ஒன்று, 2025 செப்டம்பர் 22-ல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது விலையில் தெரிகிறதா. கூடுதல் வாரண்டிக்குக் கடைக்காரர்கள் வற்புறுத்தியபோது இரண்டாவது. "பேனல் போச்சுன்னா அதுல சேருமா? எழுத்துல காமிங்க." காகிதம் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். பின்னால் வரிசையில் நின்ற நாலு பேர் முணுமுணுத்தார்கள். அவர் அவசரப்படவில்லை. பேனல் மாற்றும் செலவு பல சமயம் புது டிவி விலையை நெருங்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தக் காகிதமே.

என் வாரண்டி அட்டைக்கு முத்திரை விழுந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

"மாட்டுத பையன் நாளைக்குச் சாயங்காலம் ஏழுலேருந்து ஒம்பதுக்குள்ள வருவான் அண்ணாச்சி" என்றாள் பில் போட்ட பெண்.

"ஏழுலேருந்து ஒம்பதா?" என்று ஸ்டூலிலிருந்தே குரல் கொடுத்தாள் ஆச்சி. "அப்ப வீட்ல ஆள் இருக்காதுன்னு சொல்லு. காலையில வரச்சொல்லு, பழைய டிவிய அதுவரைக்கும் கழட்டக் கூடாது."