தலைக்குக் குளிக்காதவள்

கடுகுக்குக் குளியல் தேவையில்லை என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. “பொட்டையா? அப்பக் கட்டாயம் குளிப்பாட்டணும், வாடை அடிக்கும்” என்றார் எதிர்வீட்டு அத்தை. கினிப்பன்றி நாவாலும் முன்கால்களாலும் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அடிக்கடி நனைத்தால் தோல் வறண்டுவிடும், சளியும் பிடிக்கும். வயிற்று மயிரில் சிறுநீர் ஒட்டிக்கொண்டால் மட்டும், இரண்டு விரற்கடை வெதுவெதுப்பான நீரில் நிறுத்திக் கழுத்துக்குக் கீழே அலசினால் போதும். காதில் நீர் போகக் கூடாது. தலைக்குக் குளிக்கவே வேண்டாத ஒரு பெண்ணுடல் என் வீட்டில் வளர்கிறது. கொஞ்சம் பொறாமைதான்.

வாடை வருவது உண்மை. அது ஈரமான படுக்கைப் புல்லிலிருந்து வருகிறது. புல்லை மாற்றினால் போய்விடுகிறது. மாதம் மூன்று நாள் என் அம்மா கொல்லைக் கொட்டகையில்தான் இருந்தாள். மூன்றாம் நாள் அவளைத் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொன்னவர்களில் எவருக்கும் அந்தக் கொட்டகையைக் கழுவிவிடத் தோன்றியதில்லை.

நகம் வெட்டுவதுதான் பெரிய வேலை. முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு மூன்று. கறுப்பு நகத்தில் ரத்தநாளம் தெரியாது. கைபேசி வெளிச்சத்தைப் பின்னால் பிடித்து நுனியை மட்டும் வெட்டவேண்டும். மகள் பிடித்துக்கொள்வாள். மிகவும் பயந்துவிட்டால் கடுகு ஓடமாட்டாள், கத்தமாட்டாள், அப்படியே உறைந்துவிடுவாள். பார்க்கிறவர்கள் “எவ்வளவு சாது!” என்பார்கள்.

மார்கழியில் சீவும்போது கவனித்தேன். இரண்டு விலாவிலும் ஒரே அளவில் மயிர் கொட்டியிருந்தது. அரிப்பில்லை, புண்ணில்லை. அவளை விற்ற கடைக்காரரிடம் கேட்டேன். “ஒரு தடவை குட்டி போட விட்டுடுங்க மேடம், எல்லாம் சரியாயிடும்.” என் பத்தொன்பதாவது வயதில் மாதவிலக்கு தப்பியபோது ஒரு மருத்துவர் அம்மாவிடம் இதே வாக்கியத்தைச் சொன்னார். குட்டி இருந்த இடத்தில் கல்யாணம் இருந்தது.

கடுகுக்கு வயது மூன்று. பெண் கினிப்பன்றி ஏழெட்டு மாதத்துக்குள் முதல் ஈற்றைக் காணாவிட்டால் அதன் இடுப்பெலும்பு இணைப்பு இறுகி, விரிந்துகொடுக்காமல் போகலாம். குட்டிகளோ உடல் முழுக்க மயிரோடும் திறந்த கண்களோடும் பெரிதாகப் பிறப்பவை. வெளியே வர வழியில்லாவிட்டால் தாயும் சேர்ந்து சாகும். கடைக்காரரின் வைத்தியம் அவளைக் கொன்றிருக்கும்.

ஸ்கேனில் இரண்டு சூலகங்களிலும் நீர்க்கட்டி. வயதான பெண் கினிப்பன்றிகளுக்கு இது சகஜம் என்றார் கால்நடை மருத்துவர். ஹார்மோன் ஊசி போட்டுப் பார்க்கலாம், கட்டி திரும்பியும் வரலாம். இல்லையென்றால் சூலகத்தையும் கருப்பையையும் எடுத்துவிடலாம், ஆனால் இவ்வளவு சின்ன உயிருக்கு மயக்கமருந்தே ஆபத்து. நான் உடனே தலையாட்டவில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களின் கருப்பைகள் எவ்வளவு சுலபமாக எடுக்கப்பட்டன என்று 2019இல் படித்ததிலிருந்து, “எடுத்துவிடலாம்” என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு இறுகும். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டேன். அந்த இளம்பெண் சலிக்காமல் படம் வரைந்து காட்டினார். என் கட்டிகளை யாரும் எனக்கு வரைந்து காட்டியதில்லை.

ஊசியே முதலில் என்று முடிவுசெய்தோம். இப்போது வாரம் இரண்டு முறை சீவுகிறேன். விலாவில் பூனைமயிராக முளைத்துவருகிறது, இடப்பக்கம் சற்றுக் கூடுதலாக. மகள் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துவைக்கிறாள். அதே நோட்டின் பின்பக்கத்தில் அவளுடைய மாதக்கணக்கு இருக்கிறது.