வேலியோரத்து ரசிகர்களும் ஆடம் குட்ஸும்

மெல்பர்னில் புதிதாகப் பழகும் வெள்ளைக்காரர் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்பார். எந்த நாடு? எந்த டீம்? நம் ஊர்க்காரர் ஒரே கேள்விதான் கேட்பார். எந்த ஊர்? அந்த ஒன்றை வைத்துக்கொண்டே தெரு வரைக்கும் போய்விடுவார்.

முதல் ஆளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நாங்கள் ஃபுட்டி பார்க்க ஆரம்பித்தோம். நாங்கள் என்றால், இந்த நகரத்தின் மேற்குப் பக்கத்தில் சமூகப் பணி செய்யும் மூன்று தோழர்கள். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை. அந்தப் பிள்ளைகள் ஃபுட்டியைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. அவர்களோடு பேச வேண்டுமென்றால் எங்களுக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். உயரமான நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரக்கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே போனால் 1. நமக்கு இங்கே தேவையான விஷயம் வேறு. இந்த அணிகள் பேட்டைகளில் பிறந்தவை. ஃபுட்ஸ்கிரே, காலிங்வுட், ரிச்மண்ட், கார்ல்டன் எல்லாம் தொழிலாளர்கள் வாழ்ந்த தெருக்களின் பெயர்கள். சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை வீரர்கள் பகலில் போலீஸ்காரராகவோ பிளம்பராகவோ வேலை பார்த்துவிட்டுத்தான் மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். இன்று அது முழுநேரத் தொழிலாகிவிட்டாலும் அந்த நெருக்கம் முழுசாகப் போய்விடவில்லை. எந்த ரசிகரைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். சூப்பர் மார்க்கெட் வரிசையில் பார்த்தேன், பள்ளிக்கூடத்து வாசலில் பார்த்தேன், வேலியோரம் வந்து கையெழுத்துப் போட்டார் என்று. நம்மூரில் நடிகரைப் பார்த்த கதை மாதிரி இல்லை இது. பக்கத்துத் தெரு அண்ணனைப் பார்த்த கதை மாதிரி இருக்கும்.

எங்களுக்கும் ஒன்று உண்டு. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியின் பழைய மைதானம் ஃபுட்ஸ்கிரேயில் இருக்கும் விட்டன் ஓவல். பொதுமக்கள் பார்க்கும்படி பயிற்சி நடந்த ஒருநாள் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். பயிற்சி முடிந்ததும் வீரர்கள் வேலியோரமாக நடந்து வந்தார்கள். எங்களோடு வந்த ஒரு சிறுமிக்கு நீளமான தமிழ்ப் பெயர். பள்ளிக்கூடத்தில் அதை முதல் மூன்று எழுத்தோடு வெட்டிவிட்டார்கள். வீரர் பெயரைக் கேட்டார். அவளும் அந்த மூன்றெழுத்தையே சொன்னாள். முழுப்பெயர் என்ன என்று கேட்டார். சொன்னாள். ஒருமுறை தப்பாகச் சொன்னார், திருத்தினாள், மறுபடி சொன்னார். எழுத்துக்கூட்டிக் கேட்டு அவள் சட்டைக் கையில் முழுசாக எழுதினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அடுத்த வாரம் அவள் நோட்டுப்புத்தக அட்டையில் பழைய பெயரை அடித்துவிட்டு முழுப்பெயரை எழுதியிருந்தாள். எங்கள் தொழிலில் இதற்கு ஆறு மாதம் திட்டம் போட்டு அறிக்கை எழுதுவோம்.

ஆனால் இந்த வேலி எல்லோருக்கும் இப்படி இருந்ததில்லை.

டக் நிக்கல்ஸ் என்ற பூர்வகுடி இளைஞர் 1927இல் கார்ல்டன் அணியில் சேர முயன்றார். வேகமான ஆட்டக்காரர். அணியின் உதவியாளர்கள் அவருக்கு மசாஜ் செய்ய மறுத்தார்கள். அவர் உடம்பில் நாற்றம் வருகிறதாம். அவர் வெளியேறினார். நார்த்கோட் அணிக்குப் போய் அங்கே பேர் வாங்கி, 1932இல் ஃபிட்ஸ்ராய் அணிக்கு வந்தார். அங்கேயும் உடைமாற்றும் அறையில் ஒதுங்கித் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான ஹேடன் பன்டன் எழுந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்தார். அதற்கப்புறம்தான் மற்றவர்களும் வந்தார்கள்.

இதைப் படித்தபோது எங்களுக்கு பல்வங்கர் பாலு ஞாபகம் வந்தார். பூனாவில் வெள்ளைக்காரர்களுக்கும் பிராமணர்களுக்கும் பந்து வீசிய தலித் கிரிக்கெட்டர். அவர் வீசும் பந்தை எல்லோரும் தொடலாம். தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே விதி. ஆட்டம் வேண்டும், ஆடுகிற உடம்பு வேண்டாம். சாதியும் நிறவெறியும் ஒன்றா என்ற பழைய விவாதத்துக்குள் இப்போது போக வேண்டாம், தோழர்களே. வகுப்பறையில் அதைப் பற்றி இரண்டு பக்கமும் பேசலாம். கார்ல்டன் அறையில் எண்ணெயோடு நின்றவனுக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

நிக்கல்ஸ் பின்னாளில் போதகராகவும் உரிமைப் போராளியாகவும் ஆனார். 1976இல் தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநர். இன்று ஆண்டுதோறும் பூர்வகுடிகளைக் கௌரவிக்கும் ஆட்டச் சுற்றுக்கு அவர் பெயர்தான்.

அடுத்து 1993 ஏப்ரல் 17. காலிங்வுட் அணியின் சொந்த மைதானமான விக்டோரியா பார்க். எதிரணி செயின்ட் கில்டாவின் நிக்கி வின்மாரையும் கில்பர்ட் மெக்காடமையும் ரசிகர்கள் நாள் முழுக்க நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். செயின்ட் கில்டா ஜெயித்தது. வின்மார் அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார், தன் தோலைச் சுட்டிக் காட்டினார். கறுப்பன், அதில் பெருமை என்றார். அந்தப் புகைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. காலிங்வுட்டின் அப்போதைய தலைவர் தொலைக்காட்சியில் பேசினார். அவர்கள் வெள்ளைக்காரர்களைப் போல நடந்துகொண்டால் எல்லோரும் மதிப்பார்கள் என்றார். 'ஒழுங்கா இருந்தா நாங்க ஏன் ஒண்ணு சொல்லப்போறோம்' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது போலவே இருக்கிறது, இல்லையா?

20 வருஷம் கழித்து, 2013 மே 24. வின்மாரின் அந்தச் செயலை நினைவுகூர்ந்து, பூர்வகுடிகளைக் கௌரவிக்கும் சுற்றின் முதல் ஆட்டம். சிட்னி ஸ்வான்ஸ் அணியும் அதே காலிங்வுட்டும் மோதின. சிட்னியின் ஆடம் குட்ஸ் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் இரண்டு முறை, கோப்பை இரண்டு முறை வாங்கியவர். எல்லைக்கோட்டோரம் ஓடும்போது வேலியிலிருந்து ஒரு குரல் அவரைக் குரங்கு என்றது. நின்றார். திரும்பி, கத்தியவரை விரலால் சுட்டிக் காட்டினார். 13 வயதுச் சிறுமி. காவலாளிகள் அவளை வெளியே கூட்டிப் போனார்கள். குட்ஸ் தன் அணியின் வெற்றியைக் கொண்டாடாமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பத்திரிகையாளர்களிடம் அவர் பேசியதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மனசு உடைந்துவிட்டது என்று மறைக்காமல் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், அவளுக்கு ஆதரவு கொடுங்கள், அவள் வளர்கிற சூழலில் கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்றார். அவளும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு பேருக்கும் முகம் இருந்தது, பேச முடிந்தது. எங்களுக்குத் தெரிந்து இந்த நாட்டில் ஒரு ரசிகருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே நடந்த மிக நேர்மையான சந்திப்பு அதுதான்.

கெடுத்தது பெரியவர்கள். அன்றிரவே உடைமாற்றும் அறைக்கு வந்து மன்னிப்புக் கேட்ட காலிங்வுட் தலைவர் எடி மெக்வாயர், அதே வாரம் வானொலியில் கிங்காங் நாடக விளம்பரத்துக்குக் குட்ஸை அழைக்கலாமே என்கிற மாதிரிப் பேசினார். 2014இல் குட்ஸுக்கு நாட்டின் அந்த ஆண்டுக்கான சிறந்த குடிமகன் விருது கிடைத்தது. மேடையில் நின்று நிறவெறியைப் பற்றிப் பேசினார். அதற்கப்புறம் அவர் பந்தைத் தொட்டாலே ஊளையிட ஆரம்பித்தார்கள். ஒரு மைதானத்தில் இல்லை, ஊர் ஊராக. 2015 மே மாதம் கார்ல்டனுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு எதிரணி ரசிகர்களைப் பார்த்து ஒரு போர் நடனம் ஆடினார். பூர்வகுடிச் சிறுவர்கள் அணி ஒன்றிடம் கற்றது. ஊளை இரட்டிப்பாயிற்று.

கேட்டால் யாரும் நிறத்தைச் சொல்ல மாட்டார்கள். அவர் நடிக்கிறார், ஃப்ரீ கிக் வாங்கக் கீழே விழுகிறார் என்பார்கள். சின்னப் பெண்ணை அவமானப்படுத்தினார் என்பார்கள். நாங்களும் கறுப்பு வீரர்களை ரசிக்கிறோமே, அவர்களை ஊளையிடுவதில்லையே என்பார்கள். ஊளைக்கு வார்த்தை கிடையாது. அதுதான் அதன் வசதி. எந்தச் சட்டத்திலும் பிடிக்க முடியாது, யார் போட்டது என்றும் தெரியாது. நம் வழக்குகளில் 'சாதியைச் சொல்லித் திட்டவில்லை' என்று வாதாடுகிற வக்கீல்களை உங்களுக்குத் தெரியும். திட்டாமலே ஒருவரை ஊரைவிட்டுத் துரத்த முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

குட்ஸ் விடுப்பு எடுத்தார். அவர் இல்லாமல் சிட்னி ஆடிய ஆட்டத்தில், மூன்றாம் கால்பகுதியின் ஏழாவது நிமிடத்தில், மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அவருடைய எண் 37. அதற்காகத்தான் மூன்றும் ஏழும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கைதட்டலுக்கு முன்னால் எத்தனை வாரம் போயிருந்தது! செப்டம்பரில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெறும் வீரர்கள் இறுதிப் போட்டியன்று மைதானத்தைச் சுற்றிவந்து கையசைக்கும் சடங்குக்கு அவர் போகவில்லை. லீகும் 18 அணிகளும் மன்னிப்புக் கேட்டது 2019இல், அவரைப் பற்றிய ஆவணப்படங்கள் வெளிவரும் நேரத்தில். 2021இல் புகழ் மண்டபத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். இந்த 'வேண்டாம்' எங்களுக்கு மிகவும் பிடிக்கும். மாலையை யார் எப்போது கொண்டு வருகிறார்கள் என்று பார்த்துத்தான் தலையைக் குனிய வேண்டும்.

குட்ஸுக்காக ரசிகர்கள் எழுந்து நின்ற அதே சிட்னி மைதானத்தில் 2022 மார்ச் 25 அன்று லான்ஸ் ஃபிராங்க்ளின் தன் 1000வது கோலை அடித்தார். அவரும் பூர்வகுடி, குட்ஸோடு ஆடியவர். ஆயிரக்கணக்கானோர் வேலி தாண்டி உள்ளே ஓடினார்கள். எல்லோருக்கும் அவரைத் தொட வேண்டும். தோளை, கையை, சட்டையின் நுனியையாவது. ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது. நிக்கல்ஸைத் தொட மறுத்த விளையாட்டு இது என்று நினைத்துக்கொண்டே அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் மெல்பர்னில் காலிங்வுட் ரசிகர்கள் அதே ஃபிராங்க்ளினைப் பார்த்து ஊளையிட்டார்கள். காலிங்வுட் பயிற்சியாளரே அதைக் கண்டித்தார்.

அதே 2023 மார்ச்சில் எங்கள் புல்டாக்ஸின் ஜமாரா உகல்-ஹேகனை எதிரணி ரசிகர் ஒருவர் இனத்தைச் சொல்லித் திட்டினார். 20 வயதுப் பையன். அடுத்த ஆட்டத்தில் கோல் அடித்ததும் ரசிகர்கள் பக்கம் திரும்பிச் சட்டையைத் தூக்கித் தோலைக் காட்டினார். வின்மார் காட்டிக் கிட்டத்தட்ட 30 வருஷம்.

தொலைக்காட்சியில் பார்ப்பது வேறு, பக்கத்து இருக்கையில் நடப்பது வேறு. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு போயிருந்தோம். பின்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மகளோடு. நல்ல மனுஷர். எங்கள் பிள்ளைகளுக்குத் தன் சிப்ஸைப் பகிர்ந்தார், விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் கால்பகுதியில் எதிரணியின் பூர்வகுடி வீரர் ஒருவர் பந்தைத் தவறவிட்டபோது எழுந்து நின்று ஒன்று கத்தினார். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டோம். எங்களோடு இருந்த தெற்கு சூடான் பையன், 12 வயது, கையிலிருந்த சிப்ஸைக் கீழே வைத்துவிட்டான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை.

மைதானங்களில் இதைப் புகார் செய்ய ஒரு எண் உண்டு. பகுதி, வரிசை, இருக்கை எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் காவலாளிகள் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் டர்பன் கட்டிய சீக்கியர். எழுந்து போகும்போது அந்த மனுஷர் எங்களைப் பார்த்து, கோபமே இல்லாமல், உங்களைச் சொல்லவில்லையே, நீங்கள் நல்லவர்களாயிற்றே என்றார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அவர் மகள் தலை நிமிரவில்லை.

திரும்பி வரும்போது வேனில் எங்களோடு ஒரு தமிழர் இருந்தார். பிள்ளைகளில் ஒருவனின் மாமா. "எதுக்குத் தம்பி நமக்கு இந்த வம்பு? பொழைக்க வந்த எடம்" என்றார். இந்தியர்களை இங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று அரை மணி நேரம் குமுறினார், எல்லாம் நியாயம்தான். பாலம் தாண்டியதும், "ஆமா, விழுப்புரம் பக்கம்னு சொன்னீங்களே, ஊருக்குள்ளயா, இல்ல..." என்று இழுத்தார்.

"காலனிதாண்ணே" என்றோம்.

அவர் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பிள்ளைகளே பேச்செடுத்தார்கள். மைதானத்தில் எதைக் கத்தலாம், எதைக் கத்தக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஆட்டத்தைக் கிண்டல் பண்ணலாம். நிறம், நாடு, அம்மா, மூக்கு, பேர், எதையும் தொடக் கூடாது. பக்கத்தில் யாராவது கத்தினால் அந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும், தனியாக இருந்தால் பெரியவர் யாரிடமாவது சொல்ல வேண்டும். 'பேர்' என்பதைச் சேர்க்கச் சொன்னது விட்டன் ஓவலுக்கு வந்த அந்தச் சிறுமி. ஊளையிடுவதைப் பற்றி மட்டும் முடிவாகவில்லை. நடுவரைப் பார்த்து ஊளையிடாமல் ஃபுட்டி பார்க்கவே முடியாது என்று சிப்ஸைக் கீழே வைத்த பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.