நிற்பதும் நிறுத்துவதும்

"ஸார், நான் நின்றேன் என்று எழுதினேன், நிறுத்திவிட்டேன் என்று படித்துவிட்டார்கள்!"

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் இரவு, என் பழைய மாணாக்கன் ஒருவன் இவ்வாறு சொல்லிக்கொண்டே என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். கையில் ஒரு காகிதம் இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

பையனுக்கு ஒரகடத்தில், மோட்டார் உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். உத்தியோகம் என்பதுகூடச் சற்று மிகைதான். முதல் ஆறு மாதம் பரீட்சைக் காலம். அதன்பின் வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். ஐந்தாவது மாதத்தில் இந்தக் காகிதம் வந்து சேர்ந்திருக்கிறது. "கடமையில் அலட்சியமாக இருந்ததற்குக் காரணம் கூறுக" என்ற ரகம்.

நடந்தது இவ்வளவுதான். இராத்திரி ஷிப்டில் அவனுடைய யந்திரத்தின் எண்ணெய் அழுத்தத்தில் அவனுக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. யந்திரத்தை நிறுத்தி, முள்ளைப் பார்த்து, குழாய்களைத் தடவிப் பார்த்து, குற்றமில்லை என்று கண்டபின் மறுபடி ஓட்டினான். பத்து நிமிஷம் போயிற்று. யோக்கியமான பிள்ளையாதலால் அதை லாக் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதியும் வைத்தான்: 'ஐ ஸ்டாப்டு செக்கிங் தி பிரஷர்.'

அழுத்தத்தைப் பார்ப்பதற்காக நின்றேன் என்பது அவன் கருத்து. எழுதியதன் பொருளோ, அழுத்தத்தைப் பார்க்கும் வழக்கத்தையே விட்டுவிட்டேன் என்பது! 'ஸ்டாப்டு டு செக்' என்று எழுதியிருந்தால் ஒருவேளை ஒரு பாராட்டுகூடக் கிடைத்திருக்கும்.

"ஏனப்பா இப்படி எழுதினாய்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே ஸார் சொன்னீர்கள், 'ஸ்டாப்' வந்தால் பின்னால் 'இங்' போடவேண்டும் என்று?" என்றான். குற்றம் சாட்டும் தொனி அவன் குரலில் சிறிதும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அதோடு நிற்காமல், 'ஸ்டாப், பினிஷ், என்ஜாய், அவாய்ட், மைண்ட்' என்று நான் எட்டு வருஷத்துக்கு முன் கரும்பலகையில் எழுதிப் போட்ட ஜாபிதாவை, சகஸ்ரநாமம் சொல்வதுபோல் ஒன்று விடாமல் ஒப்பித்தான். சொன்னபடி செய்த பிள்ளைக்குத்தான் தண்டனை வந்திருக்கிறது. சொல்லிக் கொடுத்தவனோ திண்ணையில் சாய்ந்து விசிறிக்கொண்டிருக்கிறேன்!

இந்தப் பிரதேசத்தில் இங்கிலீஷின் நிலைமை விசித்திரமானது. ஸ்ரீராமாநுஜர் 1017-இல் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி முப்பது வருஷத்துக்குள் ஒரு புது உலகம் முளைத்துவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியர்கள் கார் செய்யத் தொடங்கினார்கள். 2010-இல் ஒரகடத்துக்கு ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து வந்தார்கள். 2012-இல் ஜெர்மானியர் லாரி செய்ய வந்தார்கள். பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் அநேகம். இவ்வளவு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது இங்கிலீஷில். இங்கிலீஷ்காரன் ஒருவன்தான் அங்கே இல்லை! யாருக்கும் தாய்மொழியல்லாத ஒரு பாஷையின் 'டு'வையும் 'இங்'கையும் நம்பி, ஒரு பிள்ளையின் சோறு இருக்கிறது.

நான் அந்த ஜாபிதாவை எங்கிருந்து பெற்றேன்? என் உபாத்தியாயரிடமிருந்து. அவர், 1930-களில் வெளியான ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வேதமாகக் கொண்டவர். அந்த ரென் துரை பம்பாய் மாகாணக் கல்வி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர்; பிரெஞ்சு அந்நியப் பட்டாளத்தைப் பற்றி 'போ ஜெஸ்ட்' என்ற நாவல் எழுதி 1924-இல் பெரும்புகழ் அடைந்தவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இங்கிலீஷை இங்கிலீஷிலிருந்து பார்த்து எழுதினார். நாமும் ஏன் அங்கேயே நின்று பார்க்கவேண்டும் என்பதுதான் கேள்வி. 1947-இல் துரைமார்கள் கப்பலேறிவிட்டார்கள். நம்முடைய பிள்ளைகளின் நாவிலுள்ள இலக்கணத்தை மதியாமல், ஒன்றுமறியாத வெறும் பானைகளாக அவர்களைப் பாவித்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் மட்டும் கப்பலேறவில்லை.

அன்று இரவு எனக்கு ஒன்று தோன்றியது. "தம்பி, இங்கிலீஷை மறந்துவிடு. நடந்ததைத் தமிழில் சொல்" என்றேன்.

"அழுத்தத்தைப் பார்க்க நின்றேன் ஸார்."

"அவர்கள் நினைத்ததைச் சொல்."

"அழுத்தத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று."

சொன்னவன் திகைத்து என்னைப் பார்த்தான். பார்க்க, பார்ப்பதை, இரண்டும் வேறு என்று அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. பால் குடிக்கும்போதே வந்த அறிவு அது. 'பார்ப்பது' என்பது தொழிலின் பெயர். ஆகையால் அது 'ஐ' என்ற வேற்றுமை உருபை ஏற்கிறது. இங்கிலீஷில் ஜெரண்டு என்கிறார்களே, அது. 'பார்க்க' என்பது எச்சம். தனியே நிற்காது, இன்னொரு வினையைத் தேடிக்கொண்டு போகும். இன்பினிடிவ் என்பது ஏறக்குறைய அதுவே. பவணந்தி முனிவர் நன்னூலில் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டை அடுக்கி, 'வான், பான், பாக்கு' முதலிய ஆறை எதிர்காலத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். இனிச் செய்யப்போவதை நோக்கும் எச்சங்கள் அவை. இங்கிலீஷ் 'டு'வும் ஆதியில் 'நோக்கி' என்ற பொருள் உள்ள சொல்தான். 'பள்ளிக்குப் போனேன்' என்பதற்கும், 'படிக்கப் போனேன்' என்பதற்கும் அவர்கள் அந்த ஒரே 'டு'வைப் போடுகிறார்கள்.

கடிதத்தை மறந்து இருவரும் வாக்கியங்களைத் துருவ ஆரம்பித்துவிட்டோம். 'கதவைப் பூட்ட மறந்தேன்' என்பவன் வீட்டில் திருடன் நுழையலாம். அது 'பர்காட் டு லாக்'. 'பூட்டியதை மறந்தேன்' என்பவன் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி வந்து, பூட்டைக் கண்டு அசடு வழிவான். அது 'பர்காட் லாக்கிங்'. வீட்டுக்கு வீடு தினமும் நடக்கிற நாடகம் அல்லவா?

"எண்ணெய் விட முயன்றேன்" என்றால் டப்பா திறக்கவில்லை, கை எட்டவில்லை: 'ட்ரைடு டு ஆயில்'. "எண்ணெய் விட்டுப் பார்த்தேன்" என்றால் எண்ணெய் விட்டாயிற்று, கீச்சென்ற சத்தம்தான் நிற்கவில்லை: 'ட்ரைடு ஆயிலிங்'. இதைப் பையன்தான் கண்டுபிடித்தான். அதன்மேல், எழுதி முடித்தேன், பேசிக்கொண்டே இருந்தான் என்று நாம் 'செய்து' என்னும் எச்சத்தைப் போடுகிற இடங்களிலும் 'பினிஷ்', 'கீப்' இரண்டும் 'இங்'கையே கேட்கின்றன என்று நான் சேர்த்துக்கொண்டேன். இருபது வருஷமாக இலக்கணம் போதிக்கும் எனக்கு இது அன்றுதான் தெரிந்தது.

தமிழ்க் காது எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. 'பாட விரும்புகிறான்', 'பாடுவதை விரும்புகிறான்' இரண்டும் நமக்குச் சம்மதம். இங்கிலீஷிலோ 'வாண்ட்' என்பது 'டு'வைத்தான் கேட்கும். 'என்ஜாய்' என்பது 'இங்'கைத்தான் கேட்கும். 'போகலாம் என்றான்' என்பதற்கு 'சஜஸ்ட்' போட்டால் 'கோயிங்'தான். இப்படிப்பட்ட முரட்டு வினைகளுக்கு ஜாபிதா வேண்டியதுதான். நெட்டுருப் போடத்தான் வேண்டும். ஆனால் நெட்டுருவைக் கடைசியில் வைக்கவேண்டும். நான் முதலில் வைத்தேன்.

இன்னொன்று. இந்தச் சாலையில் உள்ள ஆபீஸ்களிலிருந்து புறப்படும் கடிதங்களில், 'லுக்கிங் பார்வர்டு டு மீட் யூ' என்று முடியாதது அபூர்வம். பட்டம் பெற்றவர்களும் எழுதுகிறார்கள். அங்கே 'டு'வுக்குப் பின் 'மீட்டிங்'தான் வரவேண்டும். 'உங்களைச் சந்திக்க எதிர்நோக்குகிறேன்' என்று தமிழில் யாராவது சொல்வார்களா? 'சந்திப்பதை' என்றுதானே வாய் வருகிறது!

மணி பத்தாகிவிட்டது. கடிதத்தை எழுதினோம். ஜம்பமில்லாமல் ஐந்தே வரி. பத்து நிமிஷம் யந்திரத்தை நிறுத்தியது அழுத்தத்தைப் பார்ப்பதற்காக. பார்ப்பதை ஒருநாளும் விட்டதில்லை. லாக் புத்தகத்தில் ஒவ்வொரு மணிக்கும் குறித்த அளவே சாட்சி. எழுதியதில் இலக்கணப் பிழை, வருந்துகிறேன். பிழை தன்னுடையது என்று எழுத வேண்டாம், உபாத்தியாயருடையது என்று எழுது என்றேன். அவன் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தான். இந்தத் தடவை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முகத்தில் சிரிப்பு. மேலதிகாரி அளவுகளை ஒத்துப் பார்த்துவிட்டு, அந்தக் காகிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டாராம். அதோடு ஷிப்டிலுள்ள எல்லோருக்குமாகத் தம் கையெழுத்தில் ஓர் உத்தரவும் ஒட்டியிருக்கிறார். பையன் அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

'ப்ளீஸ் அவாய்ட் டு ஸ்டாப் தி மெஷின் வித்தவுட் பர்மிஷன்.'

"ஸார், 'அவாய்ட்' ஜாபிதாவில் இருக்கிறதே! 'ஸ்டாப்பிங்' என்றல்லவா எழுதவேண்டும்? நாளைக்குச் சொல்லட்டுமா?" என்றான், கண்கள் பளபளக்க.

"இன்னும் எத்தனை நாள் பாக்கி?" என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு நாள் ஸார்."

"இருபத்துமூன்றாம் நாள் சொல்" என்றேன்.